ஹார்ட் டிஸ்க் போனால் போவது பட்டாவா, பாதையா, மண்ணா?

நீலகிரியில் எந்தக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் கால் மணி நேரம் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதைப் போட்டா எல்லாம் வந்துடும்" என்பார் ஒருவர். "ஃப்ரீஸர்ல ஒரு ராத்திரி வெச்சு எடு" என்பார் அடுத்தவர். "கோயமுத்தூருக்குக் கொடுத்தனுப்பினா அழிஞ்சதைக்கூட எடுத்துக் குடுத்துடுவாங்க" என்பது மூன்றாவது. நான்காவது நம் மலைக்கே உரியது: "இந்தக் குளிருக்கும் உயரத்துக்கும் ஹார்ட் டிஸ்க் நிக்காதுங்க."

இவற்றில் பெரும்பாலானவை முழுப் பொய் இல்லை, அதுதான் சங்கடம். ஒரு வகைப் பழுதுக்குச் சரியான வைத்தியம் இன்னொரு வகைப் பழுதில் டிஸ்க்கை ஒரேயடியாக முடித்துவிடும். என்ன பழுது என்று பார்ப்பதற்கு முன்பே வைத்தியம் தொடங்கிவிடுகிறது. மீட்டிருக்கக்கூடிய கல்யாண வீடியோவும் கணக்குகளும் மீட்க முடியாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆகவே மீட்பைப் பற்றிப் பேசும் முன் டிஸ்க் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். பெரிய கம்ப்யூட்டர் ஞானம் எதுவும் தேவையில்லை.

## உள்ளே என்ன இருக்கிறது

ஹார்ட் டிஸ்க் ஒரு மூடிய உலோகப் பெட்டி. உள்ளே ஒரு தட்டோ பல தட்டுகளோ ஒரே அச்சில் சுழல்கின்றன. தட்டு அலுமினியமாகவோ கண்ணாடியாகவோ இருக்கும். அதன்மேல் மிக மெல்லிய காந்தப் பூச்சு. மகளின் கல்யாணப் படமாக இருந்தாலும் ஜிஎஸ்டி பில்லாக இருந்தாலும் அந்தப் பூச்சில் சின்னஞ்சிறு காந்தத் திசைகளாகத்தான் பதிகிறது. அதை எழுதவும் படிக்கவும் ஒரு கையின் நுனியில் உட்கார்ந்திருக்கும் துணுக்குக்குப் பெயர் ஹெட்.

தட்டின் வேகம் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று. 7,200 என்றால் வினாடிக்கு 120 சுற்று. மேஜைக் கம்ப்யூட்டரில் இருக்கும் மூன்றரை அங்குல டிரைவில் தட்டின் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இந்த வேகத்தில் ஹெட் தட்டைத் தொடுவதில்லை. சுழலும் தட்டு தன்னோடு இழுத்து வரும் காற்று ஹெட்டைத் தூக்கிப் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். பீடிப் புகையின் துகள்கூட அந்த இடைவெளிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது.

மலை உயரப் பேச்சு வருவது இந்தக் காற்றினால்தான். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் காற்று போய்வர வடிகட்டியோடு ஒரு சிறு துளை உண்டு. "இந்தத் துளையை மூடாதே" என்று மேலேயே எழுதியிருப்பார்கள். வெளியே காற்றழுத்தம் குறைந்தால் உள்ளேயும் குறையும், ஹெட் கொஞ்சம் தாழ்ந்து பறக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். சரி, அதனால் டிஸ்க் கெடுமா? கெடாது. பெரும்பாலான டிரைவ்களை 3,048 மீட்டர் வரை, அதாவது 10,000 அடி வரை, ஓடும்படி வடிவமைக்கிறார்கள். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். போதாததற்கு, இப்போதைய ஹெட்டுகளில் ஒரு நுண்ணிய சூடாக்கி இருக்கிறது. பறக்கும் உயரத்தை டிரைவே அதை வைத்துச் சரிசெய்துகொள்ளும். ஹீலியம் வாயு நிரப்பி அடைத்த பெரிய டிரைவ்களில் வெளிக்காற்றுக்கு வேலையே இல்லை.

உயரத்தின்மேல் பழி போடுவதை நாம் விட்டுவிடலாம். மலையில் டிஸ்க்குக்கு உண்மையான எதிரிகள் வேறு: ஈரம், இடி, மரம் விழுந்து போய்ப் போய் வரும் கரண்ட். அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். டேட்டா இருப்பது தட்டில். ஹெட், மோட்டார், அடியில் இருக்கும் எலக்ட்ரானிக் பலகை எல்லாமே அந்தத் தட்டை அடைவதற்கான வழி மட்டுமே.

## ஒரு தேயிலைத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒருவருக்கு ஓர் ஏக்கர் தேயிலை இருக்கிறது. அது அவருடையது என்பதற்கும் எங்கே இருக்கிறது என்பதற்கும் தாலுகா ஆபீஸில் பதிவு இருக்கிறது: பட்டா, சர்வே எண், புல வரைபடம். தோட்டத்துக்குப் போக ஒரு பாதை. கடைசியாகத் தோட்டமே, அதாவது மண்ணும் செடியும்.

ஹார்ட் டிஸ்க்கிலும் இந்த மூன்றும் உண்டு. தட்டின் பரப்பு சிறுசிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் எண் இடப்பட்டிருக்கிறது. அந்தத் துண்டுதான் செக்டர். பழைய டிரைவ்களில் ஒரு செக்டர் 512 பைட், புதியவற்றில் 4,096 பைட். எந்தப் பெயருள்ள ஃபைல் எந்தெந்த செக்டரில் இருக்கிறது என்ற பதிவேடும் அதே டிஸ்க்கில் ஓர் இடத்தில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பதிவேட்டு முறைக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். விண்டோஸில் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ், மெமரி கார்டிலும் பென் டிரைவிலும் ஃபேட் அல்லது எக்ஸ்ஃபேட்.

பதிவேடு பட்டா. ஹெட்டும் மோட்டாரும் பலகையும் பாதை. காந்தப் பூச்சு மண். டிஸ்க் கெட்டது என்று யார் வந்து நின்றாலும் முதலில் கேட்க வேண்டியது, இந்த மூன்றில் எது போயிற்று என்பதைத்தான். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## பட்டா போனால்

பட்டாவைக் கிழித்துப் போட்டால் தேயிலைச் செடி மறைந்துவிடுமா? மறையாது. அங்கேதான் நிற்கும். நீங்கள் ஒரு ஃபைலை டிலீட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யும்போது நடப்பதும் அதுவே. கம்ப்யூட்டர் தட்டில் போய் எதையும் அழிப்பதில்லை. பதிவேட்டில் "இந்த இடம் காலி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்" என்று குறித்துவிடுகிறது, அவ்வளவுதான். பல ஜிபி வீடியோவைக் காப்பி பண்ணப் பல நிமிடம் ஆகிறது, டிலீட் செய்யக் கண்மூடித் திறக்கும் நேரம் போதும். காரணம் இதுதான்.

பழைய ஃபேட் முறையில் இது வேடிக்கையாகவே தெரியும். டிலீட் செய்தால் பதிவேட்டில் ஃபைல் பெயரின் முதல் எழுத்தின்மேல் ஓர் அடையாளம் விழும். அதனால்தான் கேமரா கார்டிலிருந்து மீட்ட படங்களின் பெயரில் முதல் எழுத்து மட்டும் பல நேரம் காணாமல் போயிருக்கும்.

ஆபத்து அதற்கு அப்புறம்தான். காலி என்று எழுதப்பட்ட நிலத்தில் வேறொருவர் வந்து தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டால் பழைய செடியை எந்தச் சர்வேயராலும் திருப்பித் தர முடியாது. இதற்கு மேலெழுதல் என்று பெயர். நிலத்திலாவது யாராவது மண்வெட்டியோடு வர வேண்டும். டிஸ்க்கில் கம்ப்யூட்டரே சும்மா இருக்கும்போதுகூட எழுதிக்கொண்டே இருக்கிறது. விண்டோஸ் அப்டேட், பிரவுசர் சேமிக்கும் குப்பை, வாட்ஸ்அப் படங்கள் எல்லாம் காலி இடத்தில்தான் போய் விழும். மீட்பு சாஃப்ட்வேரை அதே டிரைவில் இறக்கி இன்ஸ்டால் செய்வது எல்லாவற்றிலும் பெரிய கூத்து. எதைத் தேடுகிறோமோ அதன் தலைமேலேயே அந்த சாஃப்ட்வேர் உட்கார்ந்துவிடலாம்.

ஃபார்மட் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. விரைவு ஃபார்மட் என்பது பழைய பதிவேட்டின் இடத்தில் வெறும் புதுப் பதிவேட்டை வைப்பது. தோட்டம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. முழு ஃபார்மட் அப்படியல்ல. விண்டோஸ் விஸ்டா தொடங்கி அது டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதுகிறது. அதற்குப் பிறகு தேட எதுவும் இல்லை. ஒரே ஒரு முறை மேலெழுதினாலே இன்றைய டிரைவில் பழையது போனது போனதுதான். "அடியில் நிழல் போல இருக்கும், லேபில் எடுப்பார்கள்" என்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

கரண்ட் போய்ப் போய் வரும் நாளில் பட்டா வேறு விதமாகவும் கெடும். பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் நின்றால் பாதி எழுத்தோடு அது நின்றுபோகும். மறுபடி போட்டதும் "டிரைவைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?" என்று விண்டோஸ் கேட்கும். ஜூலை மழையில் கூடலூரிலும் ஐப்பசி மழையில் குன்னூரிலும் இந்தக் கேள்விக்கு அவசரத்தில் "சரி" என்று அழுத்தியவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. அந்த இடத்தில் கேன்சல் செய்துவிட்டு டிரைவைக் கழற்றிவிட வேண்டும்.

சாஃப்ட்வேர் எப்படித்தான் மீட்கிறது? இரண்டு வழி. பதிவேட்டின் மிச்சம் கிடைத்தால் அதைப் படித்து, "காலி" என்று குறித்தவற்றைப் பெயரோடும் ஃபோல்டரோடும் எடுத்துக்கொடுக்கும். பதிவேடே இல்லை என்றால் தோட்டம் முழுக்க நடந்து பார்ப்பதுதான் வழி. பட்டா இல்லாவிட்டாலும் தேயிலை தேயிலையாகத்தான் தெரியும், பூண்டு பூண்டாகத்தான் தெரியும். அதேபோல ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் தொடக்கத்தில் ஓர் அடையாளம் இருக்கிறது. ஜேபெக் படம் எதுவானாலும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டில்தான் தொடங்கும். செக்டர் செக்டராக அந்த அடையாளத்தைத் தேடி அள்ளுவதற்கு ஃபைல் கார்விங் என்று பெயர். இலவசமாகக் கிடைக்கும் ஃபோட்டோரெக் செய்வது இதைத்தான். இந்த வழியில் பெயரும் தேதியும் ஃபோல்டரும் திரும்ப வராது. ஆயிரக்கணக்கான படங்கள் வெறும் எண்களோடு வந்து விழும். தவிர, ஒரே ஃபைல் மூன்று நான்கு இடங்களில் துண்டுதுண்டாக எழுதப்பட்டிருந்தால் முதல் துண்டு மட்டும் சிக்கும். சின்னப் படங்கள் தப்பிப்பதும் பெரிய வீடியோக்கள் ஓடாமல் நிற்பதும் இதனால்தான்.

ஆக, "சாஃப்ட்வேர் போட்டால் வரும்" என்பது பட்டா மட்டும் போன டிஸ்க்குக்கு உண்மை. டிஸ்க் நன்றாகச் சுழல வேண்டும், சத்தம் மாறக்கூடாது, கம்ப்யூட்டர் அதைச் சரியான கொள்ளளவோடு காட்ட வேண்டும். இவை இல்லையென்றால் பழுது வேறு.

## பாதை போனால்

இங்கேதான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். நல்ல ஹார்ட் டிஸ்க் ஓடத் தொடங்கும்போது மெதுவாக ஏறும் ஒரு ரீங்காரம் கேட்கும், அப்புறம் லேசான சரசரப்பு.

குன்னூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர் கொண்டுவந்த டிரைவில் கேட்டது வேறு. ரீங்காரம் ஏறியது. பிறகு டக். ஒரு நொடி. டக். டக். ஏழெட்டு டக்குக்குப் பிறகு மோட்டார் தானாக நின்றுவிட்டது. "அண்ணா, நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு. காலையிலயிருந்து திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கறேன், இதே சத்தம்" என்றார். அந்தச் சத்தத்துக்குக் காரணம் இது: தட்டில் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்கத் தொழிற்சாலையிலேயே எழுதிய வழிக்குறிகள் உண்டு. ஹெட் பழுதானால் அந்தக் குறிகளைப் படிக்க முடியாது. கை பின்னால் போய் முட்டிக்கொண்டு மறுபடி முயலும். ஒவ்வொரு டக்கும் ஒரு தோற்ற முயற்சி. வளைந்துபோன ஹெட் ஒவ்வொரு முயற்சியிலும் தட்டைத் தடவிவிட்டுத் திரும்பவும் கூடும். அவரிடம் நான் சொன்ன ஒரே ஆலோசனை, இனி அதற்குக் கரண்டே கொடுக்காதீர்கள் என்பதுதான்.

பாதைப் பழுதில் இது ஒரு வகை. மோட்டார் இறுகிப்போய் தட்டு சுழலாமலே ஒரு முனகல் மட்டும் வருவது இன்னொன்று. ஹெட் தட்டின்மேலேயே ஒட்டிக்கொண்டாலும் அப்படித்தான் முனகும். இவை மூன்றுக்கும் பெட்டியைத் திறந்தாக வேண்டும்.

சத்தமே இல்லாமல் செத்துக் கிடந்தால் சந்தேகம் அடியில் இருக்கும் பலகைமேல். மலையில் இது அடிக்கடி வரும் பழுது, பல நேரம் எளிதில் தீர்வதும் இதுதான். ஒரு சின்னத் தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகக் கம்ப்யூட்டர் இடி இடித்த மாலையோடு நின்றுபோனது. பச்சை இலைக் கணக்கு முழுக்க அதில். டிரைவின் பலகையை மூக்கருகே கொண்டுபோனால் கருகல் வாசம். கரண்ட் நுழையும் இடத்தில் அரிசி மணி அளவில் ஒரு டயோடு இருக்கும். மின்னழுத்தம் எகிறினால் தன்னையே ஷார்ட் செய்துகொண்டு மற்றதைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. அன்று அது தன் வேலையைச் செய்திருந்தது. விவரம் தெரிந்த டெக்னீஷியன் அதை எடுத்துவிட்டுச் சரியான மின்னழுத்தத்தில் போட்டார், டிரைவ் ஓடியது, கணக்கு மொத்தமும் வேறு டிஸ்க்குக்குப் போனது. எக்ஸ்டர்னல் டிரைவில் லேப்டாப் சார்ஜரைத் தவறுதலாகச் செருகினாலும் இதே டயோடுதான் பலியாகும்.

ஈரத்தின் கைவரிசையும் பலகையில்தான். ஹெட்டோடும் மோட்டாரோடும் பலகை தொடும் புள்ளிகள் நம் ஊர் மூடுபனியில் கறுத்துப்போகும். பல டிரைவ்களில் பலகையைக் கழற்றி அந்தப் புள்ளிகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினாலே உயிர் வருவதுண்டு.

அப்படியானால் அதே மாடல் டிரைவ் ஒன்றை வாங்கிப் பலகையை மாற்றிவிடலாமே என்று பலருக்கும் தோன்றும். 1990களின் டிரைவில் பல நேரம் அது பலித்தது. இன்று பெரும்பாலும் பலிக்காது. ஒவ்வொரு டிரைவின் ஹெட்டுக்கும் தட்டுக்கும் ஏற்பத் தொழிற்சாலையில் அளந்து எடுத்த தனி எண்கள் பலகையில் இருக்கும் ஒரு சிப்பில் பதிந்திருக்கின்றன. பலகையை மாற்றினால் அந்தச் சிப்பையோ அதில் இருப்பதையோ புதுப் பலகைக்குக் கொண்டுபோக வேண்டும். டிரைவை இயக்கும் உள் நிரலான ஃபர்ம்வேரின் பெரும்பகுதி தட்டிலேயே ஓர் ஒதுக்கப்பட்ட பகுதியில் இருக்கிறது. அது கெட்டாலும் டிரைவ் தன் பெயரை உளறும், கொள்ளளவைப் பூஜ்யம் என்று காட்டும். இதைச் சரிசெய்யத் தனிக் கருவிகள் வேண்டும், நம் வீட்டு வேலையல்ல.

சுருக்கமாக: சத்தம் மாறினாலோ சத்தமே இல்லாவிட்டாலோ பட்டாவைப் பற்றிய பேச்சே வேண்டாம். பாதை அடைபட்டிருக்கிறது, எந்த சாஃப்ட்வேரும் உள்ளே போகாது.

## மண்ணே சரிந்தால்

பட்டா போனால் புதிதாக எழுதலாம், பாதையில் விழுந்த மரத்தை வெட்டி அகற்றலாம். நிலச்சரிவில் தோட்டமே பள்ளத்துக்குப் போய்விட்டால்? டிஸ்க்கில் அதற்குச் சமமானது ஹெட் தட்டில் உராய்ந்து காந்தப் பூச்சைச் சுரண்டிவிடுவது.

மேலே சொன்ன ஸ்டுடியோ டிரைவ் கடைசியில் லேபுக்குத்தான் போனது. அங்கிருந்து வந்த படத்தை நான் பார்த்தேன். முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பான தட்டு. நடு அச்சைச் சுற்றி விரல் அகலத்தில் மங்கிய ஒரு வளையம். பெட்டியின் மூலையில் வெள்ளையாக இருக்க வேண்டிய சின்ன வடிகட்டி கரிப்பிடித்த துணியாக இருந்தது. அந்தக் கரி என்ன என்று யோசித்துப் பாருங்கள்: சுரண்டப்பட்ட பூச்சு, அதாவது யாரோ ஒருவர் கல்யாணத்தின் சில மணி நேரம். வளையத்துக்கு வெளியே இருந்த படங்கள் வந்தன. வளையத்தில் இருந்தவை உலகத்தில் எந்த லேபிலும் வராது, ஏனென்றால் படிக்க அங்கே பொருளே இல்லை.

## செக்டர் மட்டும் நொடித்துப்போனால்

நடுவில் ஒரு நிலை உண்டு, அதிகம் பார்ப்பதும் இதைத்தான். டிரைவ் ஓடுகிறது, ஆனால் ஒரு ஃபோல்டரைத் திறந்தால் கம்ப்யூட்டர் உறைந்துபோகிறது. சில செக்டர்களைப் படிக்க முடியவில்லை என்று பொருள். ஒவ்வொரு செக்டரோடும் பிழைதிருத்தக் குறியீடு எழுதப்பட்டிருக்கும். அதையும் மீறிப் பிழை இருந்தால் டிரைவ் விடாமல் மறுபடி மறுபடி படிக்க முயலும். ஹெட் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் இந்த முயற்சியே அதைக் கொல்லும். அதன்மேல் மீட்பு சாஃப்ட்வேரை ஓடவிடுவதும் விண்டோஸின் செக் டிஸ்க்கை ஓடவிடுவதும் ஒன்றுதான். செக் டிஸ்க்கின் கவலை பதிவேடு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது. உங்கள் ஃபைல் பிழைக்க வேண்டும் என்பதல்ல. ஒழுங்குக்குப் பொருந்தாத ஃபைல்களைப் பெயர் நீக்கித் துண்டுகளாக ஓரம் கட்டிவிடும்.

விவரம் தெரிந்தவர்கள் முதலில் செய்வது இமேஜ் எடுப்பது. டிஸ்க்கின் முதல் செக்டரிலிருந்து கடைசி வரை, ஃபைல் எது காலி எது என்று பார்க்காமல், அப்படியே வேறு நல்ல டிஸ்க்குக்கு நகல் எடுப்பதுதான் இமேஜ். இதற்கென்றே இருக்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலின் நடைமுறை எனக்கு மிகவும் பிடித்தது. நன்றாகப் படிக்க வரும் பகுதிகளை முதலில் வேகமாக அள்ளும். தடங்கல் வந்தால் முரண்டு பிடிக்காமல் தாண்டிப் போகும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். எல்லாம் முடிந்த பிறகே கெட்ட இடங்களுக்குத் திரும்பிப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிப் பார்க்கும். நடுவில் டிரைவ் இறந்துபோனாலும் அதுவரை எடுத்தது கையில் இருக்கும். பட்டா வேலை, கார்விங் எல்லாம் அப்புறம் அந்த நகலின்மேல்தான். மூல டிஸ்க்கை மறுபடி தொடுவதில்லை.

## ஃப்ரீஸரும் திருப்புளியும்

ஃப்ரீஸர் வைத்தியத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. பழைய டிரைவ்களில் மோட்டாரோ ஹெட்டோ இறுகிப்போனால் குளிரில் உலோகம் சுருங்கி எப்போதாவது விடுபடும், சில நிமிடம் ஓடும். அந்த அதிர்ஷ்டசாலிகள் சொன்ன கதைதான் இன்றும் ஓடுகிறது. இன்றைய டிரைவை உறையவைத்து எடுத்தால் நம் ஊர் ஈரக்காற்றிலிருந்து தட்டின்மேல் நீர் படியும். சில நானோமீட்டர் இடைவெளியில் பறக்கும் ஹெட்டுக்கு ஒரு நீர்த்துளி என்பது மலைப்பாறை. மழைக்காலத்து ஊட்டியில் இதைச் செய்வது இன்னும் மோசம்.

"ஊட்டிக் காற்று சுத்தம்தானே, இங்கேயே திறந்து பார்க்கலாமா தம்பி" என்று ஒரு பெரியவர் கேட்டார். கேள்வி நியாயமானது. டிஸ்க்கைத் திறக்கும் அறைக்கு க்ளீன் ரூம் என்று பெயர். வழக்கமாகக் கேட்கும் தரத்தில் ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 100ஐத் தாண்டக்கூடாது. சாதாரண அறைக்காற்றில் அவை லட்சக்கணக்கில் இருக்கும். விறகுப் புகை, மகரந்தம், சட்டை நூல் எல்லாம் நம் காற்றிலும் உண்டு. மூக்குக்குச் சுத்தமாக இருப்பது ஹெட்டுக்குப் போதாது.

க்ளீன் ரூமில் நடப்பது மந்திரமும் அல்ல. அதே மாடல் டிரைவ் ஒன்றை வாங்கி, அதன் ஹெட்டைக் கழற்றி நோயாளி டிரைவில் பொருத்துவார்கள். கொடுக்கும் டிரைவை டோனர் என்பார்கள். அந்த ஹெட் சில மணி நேரம் தாங்கினால் போதும், இமேஜ் எடுத்துவிடலாம். தட்டு மட்டும் நன்றாக இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு கல்பனா சாவ்லா பயணம் செய்த கொலம்பியா விண்கலம் ஒரு சாட்சி. 2003 பிப்ரவரி 1ஆம் தேதி அது வானிலேயே சிதறியது. இடிபாடுகளில் கிடைத்த ஒரு ஹார்ட் டிஸ்க்கின் வெளிப்பாகங்கள் எரிந்து உருகியிருந்தன. தட்டுகளைச் சுத்தம் செய்து வேறு டிரைவின் உடலுக்குள் வைத்துப் படித்தார்கள். ஏறக்குறைய 99 சதவீதம் வந்தது. அதில் இருந்தது செனான் வாயு பற்றிய ஓர் ஆய்வின் டேட்டா; அந்த ஆய்வு 2008இல் வெளியானது. பழைய டாஸ் இயங்குதளம் டேட்டாவைச் சிதறடிக்காமல் ஒரே பக்கமாக எழுதியிருந்ததும் உதவியது. விண்ணிலிருந்து விழுந்ததில் பாதை முழுக்கப் போயிற்று, டேட்டா இருந்த மண் தப்பியது.

## எஸ்எஸ்டி என்றால் கதை வேறு

இப்போதைய லேப்டாப்பில் பெரும்பாலும் இருப்பது எஸ்எஸ்டி. அதில் தட்டும் இல்லை, ஹெட்டும் இல்லை, நினைவுச் சிப்புகள்தான். டிலீட் செய்ததும் இயங்குதளம் டிரிம் என்ற கட்டளையை அனுப்பும்; இந்த இடம் இனி வேண்டாம் என்ற செய்தி அது. எஸ்எஸ்டி தன் வசதிப்படி அங்கே இருப்பதை உண்மையிலேயே துடைத்துவிடும். பட்டா ரத்தான கையோடு புல்டோசரும் வந்துவிடுகிறது. விண்டோஸ் 7 முதல் இது இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் காலத்து "டிலீட் ஆனதை எடுத்துவிடலாம்" என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. சில புதிய ஹார்ட் டிஸ்க்குகளும் டிரிம் ஏற்கின்றன.

பென் டிரைவிலும் கேமரா கார்டிலும் இந்தத் துடைப்பு பெரும்பாலும் நடப்பதில்லை, அதனால் வாய்ப்பு அதிகம். செல்போன் இதற்கு நேர் எதிர். உள்ளே எல்லாம் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறைகுறியீடு ஆனதால் கார்விங் வேலைக்காகாது. கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படம் என்றால் அதன் குப்பைத்தொட்டியில் 60 நாள் வரை இருக்கும், முதலில் அங்கே பாருங்கள். லேப்டாப்பில் விண்டோஸின் மறைகுறியீட்டுப் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி இல்லாமல் எந்த லேபும் ஒன்றும் செய்ய முடியாது.

## கீழே அனுப்பும்போது

படம் முக்கியம், டிரைவில் சத்தம் என்றால் கரண்டைப் பிடுங்குங்கள். மலையிறங்கும் பஸ்ஸில் பார்சல் போடுவதானால் வெறும் கவரில் போடாதீர்கள். நிலைமின் தடுப்புப் பையில் வைத்து நாலு பக்கமும் விரலளவு ஸ்பாஞ்சு. நின்றிருக்கும் டிரைவ் ஓடும் டிரைவைவிடப் பல மடங்கு குலுக்கலைத் தாங்கும்; ஆனாலும் கொண்டை ஊசி வளைவில் பெட்டிக்குள் உருண்டு ஆடக்கூடாது. கூடவே ஒரு தாளில் நடந்ததை எழுதி வையுங்கள்: எப்போது கீழே விழுந்தது, எத்தனை முறை போட்டுப் பார்த்தீர்கள், எந்த சாஃப்ட்வேரை ஓட்டினீர்கள். வெட்கப்பட்டு மறைத்தால் டெக்னீஷியன் தவறான இடத்தில் தொடங்குவார்.

லேபில் கேட்க வேண்டியவை: சோதித்துச் சொல்லக் கட்டணம் உண்டா? பெட்டியைத் திறக்கும் முன் என்னிடம் கேட்பீர்களா? டோனர் டிரைவின் விலை யார் தலையில்? டேட்டா வராவிட்டால் எவ்வளவு? "நூறு சதவீதம் கியாரண்டி" என்று டிரைவைப் பார்க்காமலே சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். தட்டைப் பார்க்காமல் அதைச் சொல்ல யாராலும் முடியாது.

மீட்டது கைக்கு வந்ததும் ஃபோல்டர் பட்டியலைப் பார்த்து மட்டும் திருப்திப்பட வேண்டாம். பட்டா வந்திருக்கலாம், அதில் சொன்ன இடத்தில் செடி இல்லாமல் இருக்கலாம். பெயரும் அளவும் சரியாகக் காட்டிவிட்டு உள்ளே வெறும் பூஜ்யமாக இருக்கும் ஃபைல்கள் உண்டு. படங்களை வரிசையாகத் திறந்து பாருங்கள். வீடியோவைத் தொடக்கத்தில் மட்டுமல்லாமல் நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். டாலி போன்ற கணக்கு என்றால் கடைசி மாதப் பதிவு திறக்கிறதா என்று பாருங்கள். பார்த்து முடிக்கும்வரை பழைய டிரைவை லேபிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வந்ததை உடனே இரண்டு இடத்தில் காப்பி செய்து, ஒன்றைக் கோயமுத்தூரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ வேறு ஊரிலோ வைத்துவிட்டுப் பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.